சிறுமலர் தெரேசாவும் அவரைத் திருத்திய அக்காக்களும்

தமிழ்நாட்டில் "சிறுமலர்", "லிட்டில் ஃபிளவர்" என்ற பெயரில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. வாசலிலோ தலைமையாசிரியர் அறையிலோ ஒரு படம் மாட்டியிருக்கும். பழுப்பு அங்கி, வெள்ளை மேலாடை, நெஞ்சோடு அணைத்த பாடுபட்ட சுரூபம், அதைச் சுற்றி ரோஜாப் பூக்கள், சற்றே சாய்ந்த ஒரு இளம் முகம். மெழுகு பொம்மை மாதிரி அவ்வளவு மென்மை. இந்தப் படம் புகைப்படம் இல்லை. லிசியே தெரேசாவின் கூடப்பிறந்த அக்கா செலின், தங்கை இறந்து பல வருஷம் கழித்து வரைந்தது.

உண்மையான புகைப்படங்களும் இருக்கின்றன. 1894-ல் செலின் மடத்துக்குள் போகும்போது கையோடு கேமராவைக் கொண்டுபோனார். அந்தக் காலத்து அடைபட்ட கார்மெல் மடத்தில் இது அபூர்வம். அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு கன்னியாஸ்திரிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தெரிகிற முகம் வேற. அகலமான தாடை, அழுத்தமான உதடு, கேமராவை நேராகப் பார்க்கிற கண். கொஞ்சம் பிடிவாதக்காரி மாதிரி தெரிகிறார். அந்த முகத்தை உலகம் அதன் இயல்பில் பார்க்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் வந்ததெல்லாம் செலின் ஓவியமாக வரைந்ததும், தூரிகையால் தொட்டுச் சரிசெய்ததும்தான்.

முகத்துக்கு நடந்ததே எழுத்துக்கும் நடந்தது. அது இன்னொரு அக்காவின் கை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். திருத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை, தங்கையை உயிராக நேசித்தவர்கள். விஷயத்தைச் சிக்கலாக்குவதும் அதுதான்.

முதலில் குடும்பம். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் அலென்சோன் என்ற ஊர். அப்பா லூயி மார்ட்டின் கடிகாரக் கடை வைத்திருந்தவர். அம்மா செலி, அலென்சோனின் பேர்போன லேஸ் பின்னல் தொழிலைச் சொந்தமாக நடத்தியவர். வீட்டில் காசு வந்தது பெரும்பாலும் அம்மாவின் ஊசியால் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது பிள்ளைகள் பிறந்து நான்கு பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். மிஞ்சியது மரீ, பவுலின், லெயோனி, செலின், தெரேசா என ஐந்து பெண்கள். கடைக்குட்டி தெரேசா பிறந்தது 1873 ஜனவரி 2. நாலரை வயதில், 1877 ஆகஸ்டில், அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தார்.

அடக்கம் முடிந்த அன்று இரண்டு சின்னப் பெண்களும் தங்களுக்கு அம்மாவைத் தேர்ந்துகொண்டார்கள். செலின் மூத்த அக்கா மரீயைப் பிடித்துக்கொண்டார். தெரேசா பவுலினின் கைகளுக்குள் போய் விழுந்தார். இந்தப் பவுலினை மறந்துவிடாதீர்கள். அப்புறம் குடும்பம் தாய்மாமன் வசித்த லிசியே ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1882-ல் பவுலின் அதே ஊரின் கார்மெல் மடத்தில் சேர்ந்துவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது தடவையாக அம்மா போய்விட்டார். அடுத்த வசந்தத்தில் தெரேசா விநோதமான ஒரு நோயில் விழுந்தார். நடுக்கம், அலறல், இல்லாததைப் பார்த்துப் பயம். வைத்தியர்களுக்குப் பிடிபடவில்லை. 1883 மே 13 அன்று, கட்டிலருகே இருந்த மாதா சுரூபம் தன்னைப் பார்த்துப் புன்னகைத்தது என்றும் அத்தோடு குணமாயிற்று என்றும் பின்னாளில் அவரே எழுதினார்.

அதற்குப் பிறகும் சில வருஷம் தொட்டால் சிணுங்கி. அழுவார், அழுததற்காக மறுபடி அழுவார். இது நான் கிண்டலுக்குச் சொல்வதில்லை, தன்னைப் பற்றி அவரே அப்படித்தான் சொல்கிறார். மாற்றம் வந்தது 1886 கிறிஸ்துமஸ் இரவில். நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பியபோது, அடுப்பங்கரைப் பக்கம் குழந்தைகளுக்கு வைக்கும் பரிசுச் செருப்புகளைப் பார்த்து களைத்துப்போன அப்பா, நல்லவேளை இதுதான் கடைசி வருஷம் என்று சலித்துக்கொண்டார். படியேறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. வழக்கமாக அன்று இரவே வெள்ளம் வந்திருக்க வேண்டும். கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து, ஒன்றுமே கேட்காதவர் மாதிரி சிரித்துக்கொண்டே பரிசுகளைப் பிரித்தார். பதினாலு வயது ஆக ஒரு வாரம் இருந்தது. தன் வாழ்க்கையின் பெரிய மனமாற்றம் என்று அவர் குறிப்பிடுவது இதைத்தான். காட்சியும் இல்லை, அசரீரியும் இல்லை. ஒரு செருப்பும் ஒரு சலிப்பும்தான்.

அதற்குப் பிறகு வேகம். அடுத்த வருஷம் பாரிசில் மூன்று பேரைக் கொன்ற பிரான்சினி என்ற குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அவனைச் சபித்தபோது இந்தப் பெண் அவனுக்காக வேண்டிக்கொண்டார். ஆகஸ்ட் 31-ல் தலை வெட்டப்படும் முன்பு அவன் சிலுவையை முத்தமிட்டான் என்பதை அப்பாவின் செய்தித்தாளில் படித்தார். என் முதல் பிள்ளை என்று அவனைச் சொல்லிக்கொண்டார். நவம்பரில் ரோம் யாத்திரை. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவிடம் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. இவர் காலடியில் மண்டியிட்டு, பதினைந்து வயதில் மடத்தில் சேர அனுமதி வேண்டும் என்று கேட்டேவிட்டார். காவலர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மெழுகு பொம்மைக்கும் இந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். 1888 ஏப்ரல் 9 அன்று உள்ளே போனார். ஏற்கனவே அங்கே பவுலினும் மரீயும் இருந்தார்கள்.

மடம் என்றால் வானுலக வாழ்க்கை என்று நினைக்க வேண்டாம். சுமார் இருபத்தைந்து பெண்கள், ஒரே ஒரு அறையில்தான் கணப்பு. குளிரால் சாகிற அளவுக்கு அவதிப்பட்டேன் என்று கடைசிக் காலத்தில் தெரேசா சொன்னார். வெளியே அப்பாவுக்கு மூளை கலங்கியது. 1889-ல் அவரைக் கான் நகரத்து மனநல விடுதியில் சேர்த்தார்கள், மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக மடத்துக்குப் போனதால்தான் மனிதர் இப்படி ஆனார் என்று ஊரில் பேச்சு. அது உள்ளே இருந்தவர்களின் காதுக்கும் வந்தது.

தெரேசாவின் "சிறு வழி" உருவானது இங்கேதான். பெரிய தவம், பெரிய காட்சி, பெரிய சாதனை எதுவும் தன்னால் ஆகாது, சின்னவளாகவே இருந்துவிட்டு மிச்சத்தைக் கடவுளிடம் விட்டுவிடுவது. அவர் கொடுக்கிற உவமை அந்தக் காலத்துக்கு ரொம்பப் புதுசு. பணக்காரர்கள் வீட்டில் இப்போது மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட் வந்துவிட்டதே, பரிபூரணம் என்கிற செங்குத்தான படியில் ஏறத் திராணியில்லாத எனக்கும் ஒரு லிஃப்ட் வேண்டும், அது இயேசுவின் கைகள்தான் என்கிறார். ரோம் யாத்திரையில் ஹோட்டல்களில் லிஃப்டைப் பார்த்த பெண் அல்லவா!

நடைமுறையில் இது எப்படி இருந்தது? ஜெபநேரத்தில் பின்னால் உட்கார்ந்து விடாமல் ஒரு சத்தம் எழுப்புகிற சகோதரி. திரும்பி முறைக்காமல், வேர்த்து விறுவிறுக்க, அந்தச் சத்தத்தையே ஒரு சங்கீதமாகக் கேட்க முயல்வது. துணி துவைக்கும்போது எதிரே நின்று அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிடுகிற இன்னொருத்தர். துடைத்துக்கொள்ளாமல் நிற்பது. எதைச் செய்தாலும் எரிச்சலூட்டிய ஒரு சகோதரியைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகைப்பது. என்னிடம் உங்களை அப்படி ஈர்ப்பது எது என்று அந்தச் சகோதரியே ஒருநாள் ஆசையாகக் கேட்டாராம். ஜெபமாலை சொல்வது கஷ்டம், தியானத்தில் தூங்கிப்போய்விடுகிறேன் என்றும் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். சொந்தமாக ஒரு வீட்டில் நாலு பேரோடு வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் எவ்வளவு கடினம் என்று புரியும். கசையடித் தவத்தைவிட இது மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, எழுத்துக்கு வருவோம். 1893-ல் பவுலின், மடத்துப் பெயரில் அன்னை ஆக்னஸ், மடத்தலைவி ஆனார். ஒரு குளிர்கால மாலையில் தெரேசா குழந்தைப் பருவக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட மூத்த அக்கா மரீ, இதை எழுதச் சொல்லேன் என்று பவுலினைத் தூண்டினார். பவுலின் உத்தரவிட்டார். 1895 முழுக்க, ஓய்வு நேரங்களில், மலிவான நோட்டில், அடித்தல் திருத்தல் அதிகம் இல்லாமல் எழுதி 1896 ஜனவரியில் கையில் கொடுத்தார். தன்னை ஒரு சின்ன வெள்ளைப் பூ என்று அதில் சொல்லிக்கொள்கிறார், "சிறுமலர்" வந்தது அங்கிருந்துதான். இது முதல் பிரதி. இரண்டாவது, அதே வருஷம் செப்டம்பரில் மரீக்கு எழுதிய நீளமான கடிதம். குருவாக வேண்டும், போர்வீரராக வேண்டும், வேதசாட்சியாக வேண்டும், எல்லாமாகவும் வேண்டும் என்று அதில் ஆசை பொங்குகிறது. திருச்சபையின் இதயத்தில் அன்பாக இருப்பேன் என்று முடிவுக்கு வருகிறார்.

மூன்றாவது பிரதி எப்படி வந்தது என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

1896 மார்ச்சில் மடத்தலைவி தேர்தல். ஏழு சுற்று வாக்கெடுப்பு நடந்து, பவுலினுக்குப் பதில் மூத்தவரான மரீ தெ கொன்சாக் மறுபடி தலைவியானார். மார்ட்டின் வீட்டுப் பெண்கள் நாலு பேர், ஒரு மாமன் மகள் வேறு, ஒரே மடத்தில். மற்றவர்களுக்கு உறுத்தாமல் இருக்குமா? இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பெரிய வியாழன் இரவு, ஏப்ரல் 2 முடிந்து 3 பிறக்கிற நேரம், படுத்த தெரேசாவுக்கு வாயில் ஏதோ குமிழிட்டு வந்தது. விளக்கை அணைத்துவிட்டதால் விடியட்டும் என்று படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் கைக்குட்டை முழுக்க ரத்தம். காசநோய். அந்த நிமிஷம் அவருக்குச் சந்தோஷம்தான். மணவாளன் வருகிற காலடிச் சத்தம் தூரத்தில் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டார். மோட்சம் அவ்வளவு நிச்சயம்.

சில நாளில், உயிர்ப்பு விழாக் காலத்திலேயே, அந்த நிச்சயம் அணைந்துபோனது.

இதை யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. ரத்த வாந்தியைத் தலைவியிடம் சொன்னார், அக்காக்களிடம் சொல்லவில்லை. பவுலினுக்கு அது தெரியவந்தது ஒரு வருஷத்துக்கும் மேலே கழித்து, 1897 மே கடைசியில். தங்கை சாகப்போகிறாள், தன்னிடம் மறைத்திருக்கிறாள்! அடிபட்டுப்போனார். மூன்று நாள் கழித்து நள்ளிரவு நெருங்கும்போது கொன்சாக் அன்னையின் அறைக்குப் போனார். தெரேசா எழுதிய குறிப்பு என்னிடம் இருக்கிறது, ஆனால் மடத்து வாழ்க்கை பற்றி அதில் அதிகம் இல்லை, நீங்கள் கட்டளையிட்டால் உங்களுக்காகத் தொடர்ந்து எழுதுவாள் என்று பக்குவமாகச் சொன்னார். மறுநாளே உத்தரவு வந்தது. பவுலின் அந்த ராத்திரி போயிருக்காவிட்டால் மூன்றாவது பிரதி இல்லை. அவரைத் "திருத்தினார்" என்று குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் போக முடியாது. லியோ தக்சில் என்று ஒரு ஆசாமி. பாதிரிமார்களைத் திட்டி எழுதிப் பிழைத்தவர், 1885-ல் மனம் திரும்பிவிட்டதாகச் சொல்லி, ஃப்ரீமேசன்கள் ரகசியமாகச் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். அதில் ஒரு கதாநாயகி டயானா வாகன். சாத்தானின் பூசாரியாக இருந்து, ஜோன் ஆஃப் ஆர்க்கின் அருளால் மனம் திரும்பிய பெண்ணாம். கத்தோலிக்க பிரான்ஸ் முழுக்க இவளைக் கொண்டாடியது. லிசியே மடமும் விலக்கில்லை. தெரேசா அவளை வைத்து ஒரு நாடகமே எழுதினார். பவுலின் சொல்லி அவளுக்குக் கடிதம் போட்டார், மடத்து நாடகத்தில் தான் சிறைப்பட்ட ஜோனாக வேஷமிட்டு எடுத்த புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். பதிலும் வந்தது!

1897 ஏப்ரல் 19 அன்று பாரிசில் டயானா வாகன் நேரில் தோன்றுவார் என்று அறிவிப்பு. கூட்டம் கூடியது. மேடைக்கு வந்தது தக்சில். பன்னிரண்டு வருஷமாக உங்களை ஏமாற்றினேன், டயானா வாகன் என்று ஒருத்தி கிடையவே கிடையாது என்று சிரித்தார். அந்த அரங்கில் திரையில் போட்டுக் காட்டியிருந்த படம் எது தெரியுமா? ஜோன் வேஷத்தில் தெரேசா. செய்தித்தாள் வழியாக விஷயம் லிசியேக்கு வந்தது. டயானா எழுதிய கடிதத்தைத் தெரேசா கிழித்துத் தோட்டத்துக் குப்பைமேட்டில் எறிந்தார்.

இதிலிருந்துதான் அவருடைய இருள் பிறந்தது என்று சொல்ல முடியாது, அது ஒரு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது பிரதியை எழுத உட்கார்ந்தபோது இந்தக் காயம் ஆறி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. கடவுளை நம்பாதவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள் என்பதைச் சின்ன வயதில் தன்னால் நம்ப முடியவில்லை, வாயளவில்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன் என்று எழுதுகிறார். இப்போது அப்படி இல்லை, அவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. தக்சிலின் பெயரை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை.

அப்புறம் வருகிற பக்கங்கள் கனமானவை. பனிமூட்டம் மூடிய நாட்டில் பிறந்த ஒருவர், வெயில் அடிக்கும் வேறொரு நாடு இருக்கிறது என்று கேள்விப்பட்டே வளர்ந்தார். இப்போது அந்த மூட்டம் உள்ளத்துக்குள் இறங்கி, அப்படி ஒரு நாடு கிடையாது, சாவு உனக்குக் கொடுக்கப்போவது வெளிச்சமில்லை, இன்னும் ஆழமான ஒரு சூனியம் என்று கேலி செய்கிறது. இதுக்கு மேல் எழுதினால் தேவதூஷணம் ஆகிவிடும் என்று நிறுத்திக்கொள்கிறார். என் பாட்டுகளைப் படிக்கிறவர்கள் எனக்கு மோட்சம் கண்ணுக்குத் தெரிகிறது என்று நினைப்பார்கள், நானோ நம்ப விரும்புவதைத்தான் பாடுகிறேன் என்கிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தால் எழுதி நெஞ்சில் வைத்திருந்தார். சும்மா பக்திப் பரவசத்தில் செய்ததில்லை. கையை விட்டு நழுவுகிறதை இறுக்கிப் பிடிக்கிற செயல்.

இந்த இருளை வைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்பாதவர்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று கோடு போடவில்லை. அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற அதே கசப்பு மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், நீ சொல்கிற நாள்வரை எழுந்துபோக மாட்டேன் என்று கடவுளிடம் சொல்கிறார். மன்னிப்புக் கேட்கும்போதும் "அவர்களுக்காக" இல்லை, "எங்களுக்காக". பிரான்சில் சபையும் குடியரசும் எதிரெதிரே நின்று சண்டை போட்ட காலம் அது. சபையின் பெரிய மனிதர்கள் நாத்திகர்களைக் கண்டித்து எழுதிக்கொண்டிருந்தபோது, மடத்துக்குள் அடைபட்டிருந்த இருபத்துநாலு வயதுப் பெண் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்துகொண்டார். சிறு வழியின் நிஜமான எடை இங்கேதான் தெரிகிறது. லிஃப்ட் உவமையும் இதே நோட்டில்தான் வருகிறது. கைகளில் தூக்கிச் செல்லப்படுவேன் என்று எழுதியவருக்கு, அந்தக் கைகள் இருக்கின்றனவா என்பதே உணர்வில் இல்லை.

பேனா பிடிக்க முடியாமல் போய், கடைசிப் பக்கங்களைப் பென்சிலில் எழுதினார். ஜூலையில் அதுவும் நின்றது. பவுலின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் பேசியதையெல்லாம் குறித்துக்கொண்டார். படுமோசமான பொருள்முதல்வாதிகளின் வாதங்கள் தன் மனதுக்குள் புகுந்துகொள்கின்றன என்றும், வலி தாங்காத நோயாளிகளின் பக்கத்தில் விஷ மருந்துகளை வைக்காதீர்கள் என்றும் சொன்னவை அந்தக் குறிப்புகளின் வழியே நமக்கு வந்தவை. எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியவை இவை. நோட்டுகள் தெரேசாவின் சொந்தக் கை, இவை பவுலின் கேட்டு எழுதி, பல வருஷம் கழித்துச் சுத்தமாகப் பிரதி எடுத்தவை. ஆனாலும் தங்கையின் புனிதத்தை நிலைநாட்டத் துடித்த அக்கா இந்த மாதிரி வாக்கியங்களை இட்டுக்கட்ட வாய்ப்பே இல்லை.

1897 செப்டம்பர் 30 மாலை தெரேசா இறந்தார். வயது 24.

கார்மெல் மடங்களில் ஒருவர் இறந்தால் அவர் வாழ்க்கையைச் சுருக்கி மற்ற மடங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது வழக்கம். அதற்குப் பதில் நோட்டுகளைப் புத்தகமாகவே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். உன் இஷ்டம்போல வெட்டு, சேர் என்று தெரேசாவே பவுலினுக்கு உரிமை கொடுத்திருந்தார். பவுலின் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். மூன்று தனித்தனிப் பிரதிகளை ஒன்றாக இணைத்து அத்தியாயம் பிரித்தார். எழுத்துப் பிழைகளைத் திருத்தினார், பேச்சுநடை வாக்கியங்களை இலக்கிய நடைக்கு உயர்த்தினார், குடும்ப விஷயங்களைக் குறைத்தார். கொன்சாக் அன்னை ஒரு நிபந்தனை போட்டார், எல்லாம் தனக்கு எழுதியதாகவே இருக்க வேண்டும். அதற்காக மூல நோட்டுகளிலேயே பெயர்களைச் சுரண்டி மாற்றினார்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மொத்தம் சுமார் 7,000 மாற்றங்கள் என்று கணக்குச் சொன்னார்கள். தாய்மாமன் கெரேன் அச்சுச் செலவுக்கு உதவ, "ஒரு ஆன்மாவின் வரலாறு" சரியாக முதல் நினைவுநாளில், 1898 செப்டம்பர் 30-ல், 2,000 பிரதிகளோடு வெளிவந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வெள்ளம். மொழிபெயர்ப்புகள், முதல் உலகப் போரில் சிப்பாய்களின் சட்டைப்பையில் அவர் படம், 1923-ல் அருளாளர் பட்டம், 1925 மே 17-ல் புனிதர் பட்டம். இறந்து 28 வருஷத்தில்! 1927-ல் மறைப்பணிகளின் பாதுகாவலி. மடத்தை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவர் மறைப்பணிக்குப் பாதுகாவலி ஆனதற்குக் காரணம் உண்டு. ஹனோய் மடத்துக்குப் போக ஆசைப்பட்டார். சீனாவுக்குப் போன ரூலான் என்ற குருவுக்கும், ஆப்பிரிக்காவுக்குப் போகவிருந்த பெல்லியேர் என்ற மாணவருக்கும் சகோதரியாக இருந்து கடிதம் எழுதினார். ரூலான் சேர்ந்த பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபைதான் நம்ம புதுச்சேரியிலும் வேலை செய்தது.

நியாயமாகச் சொன்னால், இருளைப் பற்றிய பகுதியை பவுலின் மூடி மறைத்துவிடவில்லை. 1898 புத்தகத்திலேயே அது இருந்தது. ஆனால் சுற்றிலும் அவ்வளவு சர்க்கரை. ரோஜா மழை, குழந்தைப் புன்னகை, செலினின் ஓவியம். அதற்கு நடுவில் அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள், புனிதர்களுக்கு வரும் வழக்கமான ஒரு சோதனை என்று கடந்துபோனார்கள். வார்த்தையை நீக்குவது மட்டும்தான் தணிக்கை என்றில்லை, பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதும் சேர்த்திதான். 1944-ல் இடா ஃபிரீடரிக்கே கோரெஸ் என்ற எழுத்தாளர் ஜெர்மன் மொழியில் "மறைந்த முகம்" என்று புத்தகம் எழுதி, இந்தச் சர்க்கரைக்குப் பின்னால் வேறொருத்தி இருக்கிறாள் என்று வாதாடினார்.

மூல நோட்டுகளை அப்படியே வெளியிட வேண்டும் என்று கார்மெல் சபை மேலிடம் கேட்டபோது பவுலினுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. தன் காலத்துக்குப் பிறகு என்றார். அந்தப் பொறுப்பைச் செலினிடம் விட்டு 1951-ல் இறந்தார். 1956-ல் பிரான்சுவா தெ சேந்த் மரீ என்ற கார்மெல் துறவி, நோட்டுகளைச் சுரண்டல், பிழை, பென்சில் எழுத்து எல்லாவற்றோடும் அச்சு அசலாக வெளியிட்டார். செத்து ஐம்பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் தெரேசா தன் சொந்த வாக்கியத்தில் பேசினார். மரணப்படுக்கைப் பேச்சுகளின் முழுமையான ஆய்வுப் பதிப்பு 1971-ல் வந்தது. இரண்டாம் ஜான் பால் 1997-ல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தது இந்த மூல எழுத்துகளை வைத்துத்தான் சாத்தியமானது என்பது என் எண்ணம்.

ஒரு சின்னக் கிளைக்கதை. 1928-ல் அல்பேனியப் பெண் ஒருவர் கன்னியர் சபையில் சேர்ந்தபோது இவரது பெயரைத்தான் தேர்ந்தெடுத்தார். கொல்கத்தா அன்னை தெரசா. அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டிலேயே வாழ்ந்திருக்கிறார் என்று தெரிந்து உலகம் அதிர்ந்தது. லிசியே நோட்டின் மூன்றாம் பிரதியைப் படித்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

புகைப்படத்துக்கு வருகிறேன். செலினின் தரப்பையும் சொல்ல வேண்டும் இல்லையா? அந்தக் கேமராவுக்குப் பல விநாடி அசையாமல் இருக்க வேண்டும், அதனால் தங்கையின் முகம் விறைத்துப்போய் விழுகிறது, ஓவியம்தான் உண்மைக்கு நெருக்கம் என்று கடைசிவரை நம்பினார். 1959-ல் அவரும் போனார். இரண்டு வருஷத்தில் அசல் படங்கள் வெளிவந்தன.

அவற்றில் 1897 ஜூன் 7 அன்று எடுத்த மூன்று படங்கள் உண்டு. மூன்றாவது பிரதி எழுத ஆரம்பித்த அதே வாரம். தெரேசா மண்டியிட்டு, குழந்தை இயேசு படத்தையும் இயேசுவின் திருமுகப் படத்தையும் கையில் பிடித்திருக்கிறார். முதல் தகடு செலினுக்குத் திருப்தியில்லை, மாற்றினார். இரண்டாவதும் பிடிக்கவில்லை. காய்ச்சலில் நிற்கவே தெம்பில்லாத தங்கையை இன்னொரு தடவை இருக்கச் சொன்னார். மூன்றாவது தகட்டில் உதடு இறுகியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருமை. பல வருஷம் அச்சில் வந்த பிரதிகளில் அந்தக் கருமை இல்லை.